கோடிட்ட கோட்டைத் தனியாக அணிய: களியக்காவிளைத் தையலகம் ஒன்று

களியக்காவிளையில், திருவனந்தபுரம் செல்லும் நெடுஞ்சாலையை ஒட்டிய தையலகம் ஒன்றில், வேறு கால்சட்டையோடு அணிவதற்கென்றே கோடிட்ட கோட்டு ஒன்றைத் தைத்துக்கொண்டேன். கருநீலத்தில் மெல்லிய வெள்ளைக் கோடு ஓடும் பின்ஸ்டிரைப் துணியைத்தான் முதலில் எடுத்துக் காட்டினார்கள். அது அலுவலக சூட்டுக்குரியது என்பதால், தனியாக அணிந்தால் ஜோடியின் மறுபாதி தொலைந்துவிட்டதாகவே தோன்றும் என்று மறுத்தேன். சுருக்கங்களோடு நெய்யப்படும் பருத்தித் துணியான சியர்சக்கர், உடலோடு ஒட்டாமல் காற்றை உள்ளே விடுவதால், எங்கள் பகுதிப் புழுக்கத்துக்கு ஏற்றதெனத் தேர்ந்தேன். மேலே வைத்துத் தைக்கும் பேட்ச் பாக்கெட்டும் பழுப்புப் பொத்தான்களும் தையற்காரரின் யோசனை. இது சூட்டின் பாதியல்ல என்று காட்டுபவை அவைதாம். பாக்கெட்டின் கோடுகள் உடற்பகுதிக் கோடுகளோடு துல்லியமாகப் பொருந்துகின்றன. தோள் தையலில் அவை விலகியிருப்பது, வாங்கிய கூலிக்குக் குறைதான். கோடிட்ட கால்சட்டைக்கோ பழைய முன்னுதாரணமே உண்டு: ஐரோப்பியரின் பகல்நேரச் சம்பிரதாய உடையில், சாம்பல் நிறக் கோடிட்ட கால்சட்டையோடு கோடற்ற கருப்புக் கோட்டுதான் வரும். அத்தகைய கால்சட்டை ஒன்றையும் இங்கேயே தைக்கக் கொடுத்திருக்கிறேன். நம் ஊர்க் கல்யாணங்களுக்கு அதன்மேல் வெள்ளைச் சட்டை போதும், கருப்புக் கோட்டு எதற்கு?