ரோசுவாஸ்டாட்டின் 10: கொழுப்பு மாத்திரை எப்படி?

கொழுப்பு மாத்திரை என்று டாக்டர் எழுதித் தருவது இப்போதெல்லாம் பெரும்பாலும் இரண்டில் ஒன்று: அடோர்வாஸ்டாட்டின், ரோசுவாஸ்டாட்டின். கெட்ட கொலஸ்ட்ரால் எனப்படும் எல்டிஎல்லைக் குறைப்பதில் ரோசுவாஸ்டாட்டினுக்கே என் ஓட்டு. 10 மி.கி. போட்டால் ஏறக்குறைய 45 சதவீதம் இறங்கும். அதே இறக்கத்துக்கு அடோர்வா 20 முதல் 40 வரை தேவைப்படும்.

10-ஐ 20 ஆக்கினால் பலனும் இரட்டிப்பாகும் என்று நினைக்க வேண்டாம். கூடுதலாகக் கிடைப்பது சுமார் 6 சதவீதம்தான். டோஸைக் கூட்டுவதற்குப் பதில் எசெட்டிமைப் என்ற இன்னொரு கொலஸ்ட்ரால் மருந்தை 10 மி.கி. சேர்த்தால், மிச்சமுள்ள எல்டிஎல்லில் ஐந்தில் ஒரு பங்கு குறையும். நம்மைப் போன்ற ஆசியர்களின் ரத்தத்தில் இந்த மருந்தின் அளவு ஏறக்குறைய இரண்டு மடங்கு ஏறுவதால், 5 மி.கி.யில் தொடங்கச் சொல்கிறது அமெரிக்க மருந்துக் குறிப்பு.

பேர்தான் கொழுப்பு மாத்திரை, தொப்பை கரையாது. கல்லீரலில் கொலஸ்ட்ரால் தயாரிக்கும் நொதியை இது முடக்குகிறது. கையிருப்பு குறைந்த கல்லீரல், ரத்தத்தில் ஓடும் எல்டிஎல்லை இழுத்துக்கொள்கிறது. சிக்கல் என்னவென்றால், அதே நொதி கொழுப்புச் செல்லிலும் இருக்கிறது. ஆய்வகத்தில் வளர்த்த கொழுப்புச் செல்களில் ஸ்டாட்டின் (இந்த மருந்து வகையின் பொதுப்பெயர்) பட்டதும், சர்க்கரையை உள்ளே ஏற்றும் குளூட்-4 புரதம் குறைந்தது. இன்சுலின் தட்டினாலும் கதவு சரியாகத் திறக்கவில்லை. மனித உடலில் சுகர் ஏறுவதற்கு இது மட்டுமே காரணமா என்பதில் ஆய்வாளர்களிடையே இன்னும் ஒருமித்த கருத்து இல்லை. ஆனால் சுகர் கொஞ்சம் ஏறுவது நிஜம்.

2008-இல் வெளியான ஜூப்பிட்டர் ஆய்வில் 17,802 பேர். பாதிப் பேருக்கு ரோசுவாஸ்டாட்டின் 20 மி.கி., மீதிப் பேருக்கு வெற்று மாத்திரை. மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை மருந்து எடுத்தவர்களில் 142 பேருக்கு, எடுக்காதவர்களில் 251 பேருக்கு. புதிதாகச் சர்க்கரை நோய் வந்தது மருந்து எடுத்தவர்களில் 270 பேருக்கு, எடுக்காதவர்களில் 216 பேருக்கு. கணக்கு இதயத்தின் பக்கம்தான் சாய்கிறது. ஏற்கெனவே சுகர் எல்லையில் நிற்பவர்கள் தொடங்குமுன் ஹெச்பிஏ1சி (மூன்று மாத சராசரி சுகர்) பார்த்துக்கொண்டால், பிறகு ஒப்பிட வசதி.

எந்த வேளையிலும் போடலாம்; இரவில்தான் என்ற கட்டாயம் சிம்வாஸ்டாட்டின் என்ற வேறொரு கொழுப்பு மாத்திரைக்கு. அலுமினியம், மெக்னீசியம் கலந்த ஆன்டாசிட் (நெஞ்செரிச்சல் மருந்து) குடிப்பதானால் மாத்திரை போட்டு 2 மணி நேரம் கழித்துக் குடிக்கவும். சேர்த்துக் குடித்தால் மருந்து பாதிதான் உள்ளே போகும். லிப்பிட் (ரத்தக் கொழுப்பு) பரிசோதனையை, மாத்திரை தொடங்கி 4 முதல் 12 வாரத்துக்குள் திரும்பச் செய்ய வேண்டும். இரு தொடையும் தோளும் சேர்ந்து வலித்தால் டாக்டரிடம் சொல்லி, தசை பாதிப்பைக் காட்டும் சிகே ரத்தப் பரிசோதனை பார்க்கலாம். சிறுநீர் காப்பி நிறத்தில் போனால் மாத்திரையை உடனே நிறுத்திவிட்டு மருத்துவமனைக்குப் போக வேண்டும். கர்ப்பிணிகளுக்குப் பொதுவாக இது கிடையாது.

வாங்கும்போது அட்டையின் பின்பக்கத்தைப் படியுங்கள். பிராண்ட் பெயருக்குப் பின்னால் ‘எஃப்’ என்று ஒட்டியிருந்தால் பெரும்பாலும் ஃபெனோஃபைப்ரேட் என்ற இன்னொரு கொழுப்பு மருந்து கலந்தது. ஆஸ்பிரின் கலந்ததும் கிட்டத்தட்ட அதே பெயரில் வருகிறது. அல்சர் உள்ளவர் கைக்கு அது மாறிப் போனால் வயிற்றில் ரத்தக்கசிவு வரை போகலாம்.