நெகட்டிவ் கட் கீப்பர் கிளவுஸ்: பிடி அபாரம், ஆயுள் குறைவு

உள்ளங்கையில் பந்தை ஒட்டிப் பிடிக்கும் மென்மையான ரப்பர் நுரையான காண்டாக்ட் லேடெக்ஸ் 4 மி.மீ., தையல் உள்பக்கமாகப் போகும் நெகட்டிவ் கட். ஸ்வீடன் லீக்கில் ஆடும் கோல்கீப்பர், மேட்ச் அன்று தயங்காமல் போடலாம். பயிற்சிக்கும் இதையே போட்டால் காசு வீண்.

முக்கியக் காரணம் தரை. ஸ்வீடனின் முதல்நிலை லீக்கான அல்ஸ்வென்ஸ்கானில் சில மைதானங்களில் இயற்கைப் புல், சிலவற்றில் செயற்கைப் புல். மென்மையான லேடெக்ஸைச் செயற்கைப் புல் ரப்பர் அழிப்பான் மாதிரி தேய்த்துவிடும். முதலில் உரிவது மணிக்கட்டை ஒட்டிய உள்ளங்கை அடிப்பகுதி, அடுத்து சுண்டுவிரல் ஓரம். விழுந்து எழும்போது உள்ளங்கையை ஊன்றுவதால் வரும் சேதம் இது. முஷ்டியை ஊன்றி எழுந்தால் தேய்மானம் குறையும். பயிற்சிக்குக் கெட்டியான லேடெக்ஸ் வைத்த இன்னொரு ஜோடி வேண்டும்.

பிடியில் குறையே இல்லை. விரலை ஒட்டி நிற்பதால் பந்து எங்கே படுகிறது என்று துல்லியமாகத் தெரியும். ஆனால் லேடெக்ஸ் காய்ந்தால் வழுக்கும். ஸ்வீடனில் சீசன் தொடங்கும் வசந்தகாலக் குளிரில் அது விறைத்தும் போகும். வெதுவெதுப்பான நீரில் நனைத்து, அமுக்கிப் பிழிந்து போட வேண்டும். 2023 மகளிர் உலகக்கோப்பையில் அமெரிக்காவுக்கு எதிராக ஸ்வீடன் கோல்கீப்பர் செசீரா முசோவிச் 120 நிமிடம் ஒரு கோலும் விடாமல் 11 ஷாட்டுகளைத் தடுத்தார். பெனால்டியில் ஸ்வீடன் 5-4 என ஜெயித்தது. அவர் புகழை உலகுக்குக் கொண்டுபோன அந்த மாதிரி நீண்ட ஆட்டத்தில், தூசி சேரச் சேரப் பிடி குறையும். கோல் வலைக்குப் பின்னால் தண்ணீர் பாட்டிலும் துண்டும் கட்டாயம்.

விரல் பின்பக்கம் பிளாஸ்டிக் தண்டு வைத்த மாடலை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம். விரல் பின்னால் மடங்காமல் காக்கும், உண்மைதான். ஆனால் பந்தைச் சுற்றி விரல்கள் இயல்பாகக் குவியாது. விரலில் பழைய காயம் இருப்பவருக்கு மட்டும் அது சரி.

அளவு பார்க்கும்போது விரல் நுனியில் அரை சென்டிமீட்டர் இடம் விடுங்கள். இறுக்கமாக எடுத்தால் நுனித் தையல்தான் முதலில் பிரியும், இந்தக் கட்டின் பலவீனமே அதுதான்.

புதிதாக வாங்கியதும் 30 டிகிரி நீரில் அலசினால் மேலே இருக்கும் பாதுகாப்புப் பூச்சு போகும். அதற்குப் பிறகே முழுப் பிடி வரும். ஆட்டம் முடிந்ததும் அதே வெப்பநீரில், கிளவுஸுக்கான சோப்பால் கழுவுங்கள். முறுக்கக் கூடாது. ஹீட்டர் மேல் காயவைத்தால் லேடெக்ஸ் வெடிக்கும், நிழலே போதும். இரண்டு உள்ளங்கைகளும் ஒன்றோடொன்று ஒட்டும்படி பையில் திணித்தால், அடுத்த முறை பிரிக்கும்போது லேடெக்ஸ் துண்டாகப் பிய்ந்து வரும். நடுவில் மெல்லிய பிளாஸ்டிக் தாள் ஒன்றை வையுங்கள்.