ஆறில் ஒன்று கரகரக்கும்: பழைய அனலாக் சிந்தசைசரும் அதன் மென்பொருள் நகல்களும்

போன வாரம் ராத்திரி பத்து மணிக்கு எங்கள் பாடகர் குழுப் பையன் ஒருத்தன் வாட்ஸாப்பில் ஒரு வீடியோ அனுப்பினான். பதினைந்து வினாடிதான். இருட்டில் ஒரு ஸ்லைடர் வரிசை, மின்னும் சிவப்பு விளக்கு ஒன்று, பின்னணியில் மெல்ல விரியும் ஒரு கார்ட் (சேர்ந்து ஒலிக்கும் சுரங்கள்), கடைசியில் "விரைவில்". கீழே அவன் கேள்வி: "அண்ணே, இது எந்த சிந்த்? இந்தத் தடவையாவது அசல் மாதிரி இருக்குமா?"

பார்த்ததும் பழைய நமைச்சல் திரும்ப வந்துவிட்டது. வருஷா வருஷம் இதுதான் கதை. ஜனவரியில் அமெரிக்காவில் நாம் (NAMM) என்ற இசைக்கருவிக் கண்காட்சி, மே மாதம் பெர்லினில் சூப்பர்பூத் என்ற சிந்த் கண்காட்சி. அதற்கு ஒரு மாதம் முன்னாலிருந்தே யார் எந்தப் பழைய சிந்தசைசரை (மின்சாரத்தால் ஒலியை உண்டாக்கும் கீபோர்ட்) மென்பொருளாக்கிக் கம்ப்யூட்டருக்குள் கொண்டுவரப் போகிறார்கள் என்ற பேச்சு கிளம்பிவிடும். தக்கலையில் மாடி அறையில் உட்கார்ந்துகொண்டு, மழைச் சத்தத்துக்கு நடுவே ஹெட்போனை அழுத்திப் பிடித்து, அந்தப் பதினைந்து வினாடியை இருபது தடவையாவது கேட்டிருப்பேன்.

நான் கம்பெனிக்காரன் இல்லை. ஞாயிறு பூசைக்கு வாசிப்பேன், திருவிழாக் காலத்தில் மெல்லிசைக் கச்சேரி, கிறிஸ்துமஸுக்கு முன்னால் பக்திப் பாடல் ரெக்கார்டிங். 2017-இல் ஒரு லேப்டாப்பும் ஆடியோ இன்டர்ஃபேஸும் வாங்கியதிலிருந்து மென்பொருள் சிந்த்களோடுதான் பிழைப்பு. கூடவே அசல் ஒன்றும் இருக்கிறது, ரோலண்ட் ஜூனோ-106. ஒப்பிட்டுச் சொல்ல எனக்குள்ள தகுதி அது ஒன்றுதான்.

அந்த ஜூனோவைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. 1984-இல் வந்த மாடல். எங்கள் கீபோர்ட் மாஸ்டருக்கு வளைகுடாவிலிருந்து வந்த சொந்தக்காரர் ஒருவர் கொண்டுவந்து கொடுத்தது. ஒரே நேரத்தில் ஆறு சுரம் ஒலிக்கும்; அதாவது உள்ளே ஆறு குரல். ஒவ்வொரு குரலுக்கும் தனித்தனியாக ஒரு சின்னக் கறுப்புச் சிப், அதற்குள்தான் ஃபில்டரும் (ஒலியின் கூர்மையை வடிகட்டும் பகுதி) வால்யூம் கட்டுப்பாடும். நீங்கள் கட்டையை அழுத்த அழுத்த குரல்கள் முறைவைத்து ஒலிக்கும்: ஒன்று, இரண்டு, மூன்று என்று ஆறு வரை போய்த் திரும்ப ஒன்று.

எங்கள் பெட்டியில் ஐந்தாவது குரலுக்கு நோய். சுரம் அடங்கும்போது எண்ணெயில் கடுகு போட்டது மாதிரி ஒரு கரகரப்பு. மூன்று சுரக் கார்டாக வாசித்தால் முதல் கார்ட் சுத்தமாக இருக்கும், இரண்டாவது கார்டில் நடுச் சுரம் பொரியும். மூன்றாவது சுத்தம், நாலாவது பொரியும். மாஸ்டர் இதற்கு ஒரு தந்திரம் வைத்திருந்தார். தனி வாசிப்பு தொடங்கும் முன் வால்யூமை இறக்கிக்கொண்டு ரெண்டு கட்டையைத் தட்டுவார், முறையைத் தள்ளிவைக்க. கூட்டத்தில் ஒருவருக்கும் தெரியாது. பக்கத்தில் நின்று பக்கம் புரட்டிக் கொடுத்த எனக்குத் தெரியும். பன்னிரண்டு வயசில் நான் கற்ற முதல் மின்னணுப் பாடம் அது.

அப்படிப் பழகிய காதோடு 2017-இல் நான் முதலில் வாங்கிய நகல் டால் யு-நோ-எல்எக்ஸ் என்ற மென்பொருள். அது ஜூனோ-60-ஐப் பார்த்துச் செய்தது, 106 அல்ல. ஆனாலும் ஒரே குடும்பம். கோரஸ் பட்டனை அழுத்தியதுமே முடி சிலிர்த்தது. ஜூனோவின் அகலமான ஒலிக்குப் பாதிக் காரணம் அந்தக் கோரஸ்தான். ஒரு குரலுக்கு, ஒலியைப் பிறப்பிக்கும் ஆஸிலேட்டர் ஒன்றே ஒன்று உள்ள சிக்கனமான கருவி அது. அதைக் கடல் மாதிரி விரிப்பது இந்தச் சர்க்யூட். வீட்டுக்குத் தளம் போடும் நாளில் கான்கிரீட் சட்டி கைக்குக் கை மாறி மேலே போகும் இல்லையா, அதே மாதிரி மின்னழுத்தம் ஒரு கொள்கலனிலிருந்து அடுத்ததற்குக் கைமாறிக்கொண்டே போய்க் கொஞ்சம் தாமதமாக வெளியே வந்து நேர் ஒலியோடு சேர்கிறது. வழியில் சிந்துவது கொஞ்சம் இரைச்சலாகக் கேட்கும். நகலில் அந்த "ஸ்ஸ்" இரைச்சலைக்கூட விடாமல் வைத்திருந்தார்கள். ரெக்கார்டிங்கில் நான் அணைத்துவிடுவேன் என்பது வேறு விஷயம்.

இது சாம்பிள் இல்லையா என்று பலர் கேட்கிறார்கள். சுசீந்திரம் தாணுமாலயன் கோவிலில் இசைத்தூண்கள் இருக்கின்றன. ஒவ்வொரு தூணையும் தட்டி, மைக்கில் பிடித்து, கீபோர்டில் ஏற்றினால் அது சாம்பிள். தட்டின விதத்தில்தான் திரும்பக் கேட்கும். அதை விட்டுவிட்டு, கல்லின் நீளம் என்ன, பருமன் என்ன, எங்கே தட்டினால் எப்படி அதிரும் என்று கணக்குப் போட்டு ஒலியை உண்டாக்கினால் அது மாடலிங். பழைய சிந்த் நகல்களில் நல்லவை இரண்டாவது வகை. ஸ்லைடரைப் பாதி வழியில் நிறுத்தினாலும் அங்கே என்ன ஒலிக்க வேண்டுமோ அதைக் கணக்கிட்டுத் தரும்.

கணக்குக்கு விலை உண்டு. ஃபில்டரில் ரெசனன்ஸ் என்பது வெளியே வந்த ஒலியையே திரும்ப உள்ளே விடுவது. அசல் சர்க்யூட்டில் அது அந்தக் கணமே நடக்கும். கம்ப்யூட்டரில் எல்லாமே வினாடிக்கு 44,100 துண்டு. பழைய மென்பொருள்களில் ஒரு துண்டு தாமதித்துத்தான் ஒலி உள்ளே திரும்பும். அதனால் ரெசனன்ஸை ஏற்றும்போது சுருதி பிசகும், ஒலி மெலிந்து கீச்சிடும். 2011 கடைசியில் யு-ஹி கம்பெனி வெளியிட்ட டீவா என்ற மென்பொருள் சிந்த் இந்தத் தாமதத்தைக் கணக்கிலேயே ஒழித்துவிட்டது. ஒவ்வொரு துண்டுக்கும் சமன்பாட்டைத் தீர்த்துப் பார்த்துவிட்டுத்தான் அடுத்ததற்குப் போகும். அதன் துல்லியத்துக்கு நாலு படி: டிராஃப்ட், ஃபாஸ்ட், கிரேட், டிவைன். என் 2017 லேப்டாப்புக்கு டிவைன் எட்டாக்கனி. நாலு சுரம் சேர்த்து அழுத்தினால் விசிறி ஆட்டோ மாதிரி உறுமும். வாசிக்கும்போது கிரேட், ஃபைலாக எடுக்கும்போது மட்டும் உச்சத் துல்லியம் என்று பிரித்து வைக்க அதில் வசதி இருக்கிறது. இத்தனை வருஷமாக அப்படித்தான் ஓட்டுகிறேன். புதுசாக வருகிறவர்கள் டெமோவில் டிவைனைக் கேட்டுவிட்டு லேப்டாப்பைத் திட்டுகிறார்கள். திட்ட வேண்டாம்.

லேட்டன்சி, அதாவது கட்டையை அழுத்தியபின் ஒலி வர ஆகும் தாமதம், பற்றியும் நிறையப் பயமுறுத்தல். பஃபர் (கம்ப்யூட்டர் ஒரே தடவையில் கையாளும் ஒலித் துண்டுகளின் எண்ணிக்கை) 128 வைத்தால் சுமார் 3 மில்லி செகண்ட், 512 வைத்தால் 12-ஐத் தொடும். ஒலி ஒரு மில்லி செகண்டில் 34 சென்டிமீட்டர் போகும். கோவில் திருவிழா மேடையில் என் மானிட்டர் ஸ்பீக்கர் நாலு மீட்டர் தள்ளி இருந்தாலே அந்த 12 வந்துவிடும். அதை நாங்கள் காலங்காலமாகத் தாங்கிக்கொண்டுதானே வாசிக்கிறோம்? கூடுதலாக மென்பொருளில் இன்னொரு 12 சேரும்போதுதான் விரல் தடுமாறும். 128 போதும், அதற்குக் கீழே போய் லேப்டாப்பைக் கொல்ல வேண்டியதில்லை.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது மூக் கம்பெனி மினிமூக் மாடல் டி செயலியை இலவசமாகக் கொடுத்தது. மச்சான் வீட்டு ஐபேடில் ஏற்றி வாசித்தேன். அசல் 1970-இல் வந்தது, மூன்று ஆஸிலேட்டர், ஒரு நேரத்தில் ஒரே சுரம். கண்ணாடித் திரையில் குமிழைத் திருப்பும்போது விரல் வழுக்குகிறது, ஆனால் பேஸ் ஒலி கனம். அந்த வருஷத் தபசு காலப் (தவக்காலப்) பாட்டு ஒன்றில் அடியில் ஓடுவது முழுக்க அந்த ஐபேடுதான். கேட்டவர்கள் பேஸ் கிட்டார் யாரு என்று கேட்டார்கள். நான் ஒன்றும் சொல்லவில்லை.

மேடையில் கை கொடுக்காத நாளும் உண்டு. முட்டம் பக்கம் ஒரு கடற்கரை ஊரில் திருவிழா. மணி ஏழரை, சவுண்ட் செக் முடிந்தது. லேப்டாப்பைத் திறந்தால் ஒரு பிளக்-இன், அதாவது மென்பொருள் சிந்த் (பெயர் வேண்டாம்), "உரிமத்தைச் சரிபார்க்க இணையத்தில் நுழைக" என்று நிற்கிறது. கூட்டம் கூடியதில் ஒருத்தர் போனிலும் நெட் இல்லை. காசு கொடுத்து வாங்கின பொருள், என் லேப்டாப்பில் இருக்கிறது, நான்தான் உரிமையாளன் என்று நிரூபிக்கக் கடற்கரையில் சிக்னல் தேடி நடக்கிறேன். மணல் எல்லாம் செருப்புக்குள். கடைசியில், லேப்டாப்பை இயக்கும் மிடி கீபோர்டாகக் கொண்டுபோயிருந்த சாதாரணக் கீபோர்டின் ஸ்ட்ரிங்ஸ் ஒலியிலேயே ராத்திரியை ஓட்டினேன். அன்றிலிருந்து ஒரு விதி: இணையம் இல்லாமல் முப்பது நாள் ஓடாத எதையும் மேடைக்கு எடுப்பதில்லை. கரண்ட் போனால் ஜூனோ செத்துவிடும், லேப்டாப் பேட்டரியில் நிற்கும் என்று பெருமை பேசுவார்கள். ஸ்பீக்கரும் செத்துத்தானே கிடக்கும், அப்புறம் லேப்டாப் யாருக்காக நிற்கிறது?

இனி, நான் சொல்லவந்த விஷயம்.

நாலு வருஷம் முன்னால் ஜூனோவை மாஸ்டர் என்னிடம் கொடுத்துவிட்டார். அதற்குள் இரண்டாவது குரலும் போயிருந்தது. இரண்டு பருவமழை பெய்கிற ஊர், உப்புக்காற்று. ஸ்லைடர்களும் மணல் அரைத்தன. நாகர்கோவிலில் ஆம்ப்ளிஃபயர் பழுது பார்க்கும் அண்ணாச்சி ஒருவரிடம் கொண்டுபோனேன். கீ டிரான்ஸ்போஸ் பட்டனைப் பிடித்துக்கொண்டு பவர் போட்டால் இந்தப் பெட்டி சோதனை நிலைக்குப் போகும். எந்தக் குரல் ஒலிக்கிறது என்று திரையில் எண் வரும். ஒரே கட்டையைத் தட்டிக்கொண்டே இருந்தோம். இரண்டும் ஐந்தும்தான்.

வயதான அந்தச் சிப்களின் மேல்பூச்சு கெட்டுப்போய் மின்சாரம் கசிகிறது என்பதும், பூச்சை அசிட்டோனில் ஊறவைத்து எடுத்தால் பல சிப்கள் பிழைத்துக்கொள்ளும் என்பதும் ஜூனோக்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்த வைத்தியம். ஆறையும் கழற்றி, ஊறுகாய் பாட்டிலில் அசிட்டோன் ஊற்றி மூடி ரெண்டு நாள் வைத்தார். மூன்றாம் நாள் பூச்சு ஊறின முருங்கைக்காய்த் தோல் மாதிரி உரிந்து வந்தது. (வீட்டில் யாரும் முயல வேண்டாம். காற்றோட்டம் இல்லாத அறையில் தலை சுற்றும், பக்கத்தில் நெருப்பு இருந்தால் கதை முடிந்தது.) ஆறும் உயிர்த்தன.

அன்று ராத்திரி ஜூனோவையும் மென்பொருளையும் ஒரே பேட்சில் (ஒலி அமைப்பில்) வைத்து, ஹெட்போனில் மாற்றி மாற்றிக் கேட்டேன். அதுவரை "நகலில் ஏதோ குறைகிறது, உயிர் இல்லை" என்று எல்லோரையும் போல நானும் சொல்லிக்கொண்டிருந்தவன்தான். இப்போது ரெண்டும் ஒட்டிப் பிறந்த மாதிரி இருந்தன. கோரஸ் இரைச்சலில் ஒரு நூலிழை, ஃபில்டர் முழுசாகத் திறக்கும் இடத்தில் ஒரு நூலிழை, அவ்வளவுதான். இத்தனை வருஷம் நான் அனலாக்கின் உயிர் என்று நினைத்துக்கொண்டிருந்ததில் பாதி, அந்த ஐந்தாம் குரலின் நோய்.

மாஸ்டரைக் கூட்டிவந்து வாசிக்கச் சொன்னேன். நாலு கார்ட் வாசித்தார். இடது கை தன்னால் வால்யூமுக்குப் போய்ப் பாதியில் நின்றது.

"கொள்ளாம்லே மக்கா, நல்லா இருக்கு," என்றார். பிறகு, "ஆனா இது நம்ம பெட்டி இல்ல."

அதனால்தான் புது நகல் வரும்போதெல்லாம் "அசல் மாதிரி இருக்குமா" என்ற கேள்வி எனக்குக் கொஞ்சம் தப்பாகப் படுகிறது. எந்த அசல்? கடையிலிருந்து பிரித்தெடுத்த அன்றைக்கா, நாற்பது வருஷம் கழித்தா? 1978-இல் வந்த பிராஃபெட்-5 சிந்தசைசரையே எடுங்கள். முதல் இரண்டு பதிப்புகளில் எஸ்எஸ்எம் சிப், மூன்றாவதில் கர்ட்டிஸ் சிப். ஒரே பெயர், வேறு வேறு குணம். 2020-இல் அதைத் திரும்பக் கருவியாகவே கொண்டுவந்தபோது, வின்டேஜ் என்று ஒரு குமிழே வைத்தார்கள். திருப்பினால் குரலுக்குக் குரல் பிசகு கூடும். டீவாவிலும் டிரிம்மர்ஸ் பக்கத்தில் பிசகைக் கூட்டலாம். எல்லாக் குரலிலும் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவின பிசகு அது. எனக்கு வேண்டியது அப்படி அல்ல. நாலு குரல் சுத்தமாக இருக்கட்டும், ரெண்டாவதில் ஃபில்டர் கொஞ்சம் மந்தம், ஐந்தாவதில் மட்டும் அடங்கும்போது பொரியல். எந்தக் குரலுக்கு எந்த நோய் என்று நானே எழுதி வைக்கும்படி ஒரு நகல்.

இந்தப் பதினைந்து வினாடி வீடியோக்காரர்கள் அதைத் தருவார்களா? வீடியோவில் தெரிவது ஸ்லைடர் படம்தான். படத்தில் துருவும் கீறலும் வரைவதில் எல்லோரும் கெட்டிக்காரர்கள். வெளியான அன்றே வாங்க மாட்டேன். நவம்பர் கடைசித் தள்ளுபடிக்கு முன் நான் எதையும் வாங்கியதில்லை. டெமோவை இறக்குவேன். நெட்டைத் துண்டித்துவிட்டுத் திறக்கிறதா என்று பார்ப்பேன். பஃபர் 128-இல் ஆறு சுரம் அழுத்தி விசிறியைக் கேட்பேன். அப்புறம் கோரஸை அணைத்து, ஃபில்டரை முக்கால்வாசி மூடி, ஒரே கட்டையை ஆறு தடவை தட்டுவேன்.

பையனுக்குப் பதில் அனுப்பினேன்: "தெரியலடே. வந்த பொறவு வீட்டுக்கு வா, தட்டிப் பாப்போம்."