மூன்று வருடம் கையில் இருந்த வயர்லெஸ் மவுஸ்: வாங்கலாமா?

தேவகோட்டையில் இருக்கும் நண்பன் போன வாரம் ஒரு படம் அனுப்பினான். நான் வைத்திருக்கும் அதே மவுஸ், விலை நன்றாகக் குறைந்திருக்கிறது. "மாப்ள, நீ மூணு வருஷமா வச்சிருக்கியே, வாங்கலாமா?" என்று கேட்டிருந்தான். போனில் இரண்டு வார்த்தையில் சொல்லி முடிக்கிற விஷயமில்லை, அதனால் எழுதிவிடுகிறேன்.

தரையில் பதிக்கும் ஆத்தங்குடிப் பூக்கல் செய்யும் பட்டறைகளுக்கு டிசைன் வரைந்து கொடுப்பது என் வேலை. காரைக்குடி வீட்டில், விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் போட்ட பழைய லேப்டாப்பில், இங்க்ஸ்கேப் என்ற வரையும் மென்பொருளில் வரைகிறேன். பட்டறையில் கண்ணாடியின் மேல் சட்டத்தை வைத்து, அதற்குள் உலோக அச்சை இறக்கி, அச்சின் ஒவ்வோர் அறையிலும் ஒவ்வொரு நிறச் சிமெண்ட் கலவையை ஊற்றுவார்கள். அந்த அச்சை நான் கொடுக்கும் பிரிண்ட்டைப் பார்த்துத்தான் வளைக்கிறார்கள். ஒரு கோடு மூடாமல் விட்டுப்போனால் சிவப்பும் பச்சையும் கலந்துவிடும். அதனால் ஒவ்வோர் இதழையும் புள்ளி புள்ளியாகப் பிடித்து இழுத்துச் சரி செய்ய வேண்டும். டச்பேடில் அது நடக்காது.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். கையில் பிடித்தால் அப்படியே பொருந்தும். மணிக்கணக்கில் வரைந்தாலும் மணிக்கட்டு வலித்ததில்லை. ஒரே ஒரு பென்சில் பேட்டரி, ஒரு வருடத்துக்கு மேல் தாங்குகிறது. கிளிக் சத்தமே இல்லை. ராத்திரி பன்னிரண்டு மணிக்கு நான் வரைந்துகொண்டிருந்தாலும், பக்கத்திலேயே படுத்திருக்கும் அப்பத்தா புரண்டுகூடப் படுக்காது. பளபளக்கும் தரையில் மட்டும் திரையில் இருக்கும் அம்பு வழுக்கும். பழைய கண்டாங்கிச் சேலையில் ஒரு துண்டை மடித்துப் போட்டேன், அதற்கப்புறம் வழுக்கவில்லை.

இனி, என்னை இரண்டு வருடத்துக்கு மேல் படுத்திய விஷயம்.

புளூடூத்தில் இணைத்து வரைந்துகொண்டிருப்பேன். ஏதோ யோசித்து ஒரு நிமிடம் கையை எடுப்பேன். திரும்பத் தொட்டால் அம்பு நகராது. சில நாள் இரண்டு விநாடியில் உயிர் வரும். சில நாள் வரவே வராது. இன்னும் மோசம், இழுத்துக்கொண்டிருக்கும்போதே அறுந்து, இதழ் பாதி வழியில் கோணலாக நின்றுவிடும். வெளி மவுஸ் இருந்தால் டச்பேடை அணைத்துவிடு என்று நானே ஒரு அமைப்பைப் போட்டிருந்தேன். மவுஸ் செத்துப்போனது லேப்டாப்புக்குத் தெரியாததால் டச்பேடும் கிடையாது. கன்ட்ரோல், ஆல்ட், டி அழுத்தி கட்டளை தட்டும் டெர்மினலைத் திறந்து, புளூடூத் சர்வீஸை நிறுத்தித் திரும்ப ஓட விடுவேன். அதற்கும் மசியாவிட்டால் ரீஸ்டார்ட். ஒரு தடவை சேமிக்காத டிசைன் முழுக்கப் போய்விட்டது. பட்டறைக்காரர், "என்ன தம்பி, நேத்தே தர்றேன்னீங்க?" என்றபோது என்ன பதில் சொல்ல முடியும்? "கொஞ்சம் பொறுங்கண்ணே" என்று மட்டும் சொன்னேன்.

புளூடூத்துக்குப் பதில், மவுஸோடு கூடவே வந்த யூஎஸ்பி ரிசீவரைச் செருகிப் பார்த்தேன். பக்கத்து துளையில் ஹார்ட் டிஸ்க் ஓடினால் அம்பு திக்கித் திக்கி நகர்ந்தது. யூஎஸ்பி 3 கிளப்பும் இரைச்சல் இந்த ரிசீவர் மாதிரி 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஓடும் வயர்லெஸ் கருவிகளைத் தொந்தரவு செய்யும் என்று இன்டெல் 2012-லேயே அறிக்கை வெளியிட்டிருக்கிறது. ரிசீவரை ஒரு நீட்டிப்பு கேபிளில் தள்ளி வைத்தால் சரியாகிவிடும், நானும் வைத்துப் பார்த்தேன். ஆனால் கேபிள் இழுப்பதற்கு வயர் மவுஸே வாங்கியிருக்கலாமே.

சர்வீஸ் சென்டரில் கேட்டால், லினக்ஸா, அதற்கு நாங்கள் எதுவும் செய்ய முடியாது என்று முடித்துக்கொண்டார்கள். பெட்டியைக்கூட வாங்கிப் பார்க்கவில்லை.

கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் எழுதி வைக்கும் பதிவுகளை முதலிலிருந்து படித்தேன். மவுஸ் அறுந்த ஒவ்வொரு நேரத்திலும் ஒரே வரி: ஹெச்சிஐ0, கமாண்ட் டிஎக்ஸ் டைம்அவுட். லேப்டாப்பின் புளூடூத் சிப்புக்குக் கெர்னல் கட்டளை அனுப்பியிருக்கிறது, சிப் பதிலே சொல்லவில்லை. அந்தச் சிப் உள்ளுக்குள் யூஎஸ்பி வழியாகத்தான் இணைந்திருக்கிறது. சும்மா இருக்கும் யூஎஸ்பி கருவியை மின்சாரம் மிச்சமாகட்டும் என்று கெர்னல் தூங்க வைக்கும், இயல்பான கெடு வெறும் 2 விநாடி. என் லேப்டாப்பில் இருக்கும் சிப் தூங்கினால் சில சமயம் எழுந்திருப்பதில்லை. சிப்பைக் கவனிக்கும் பிடியூஎஸ்பி என்ற கெர்னல் துணை நிரலுக்கு (மாட்யூல்), அதன் அமைப்புகளை எழுதும் மோட்ப்ரோப் கோப்பில் ஒரே ஒரு வரி எழுதி, இந்தத் தானியங்கித் தூக்கத்தை நிறுத்தினேன். லேப்டாப் பேட்டரி கொஞ்சம் சீக்கிரம் இறங்கலாம். இறங்கட்டும்.

ஏழு மாதமாகிறது. ஒரு தடவைகூட அறுபடவில்லை. எட்டு அங்குலக் கல்லுக்கு பதினாறு இதழ்த் தாமரை ஒன்றை ஒரே இருப்பில் வரைந்து முடித்தேன். முடித்தபோது கண் கலங்கிவிட்டது, உண்மையாகவே.

ஆக, மவுஸின் மேல் தப்பில்லை. இரண்டு வருடம் அதைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன், அது நியாயமில்லை. லினக்ஸையும் விட மாட்டேன். பதிவு திறந்து கிடந்ததால்தான் என்னால் காரணத்தைக் கண்டுபிடிக்க முடிந்தது. இருந்தாலும் மாப்ள, நீ இதை வாங்காதே. விற்றவர்கள் முகம் கொடுத்து ஒரு வார்த்தை பேசியிருந்தால் ஒருவேளை வேறு மாதிரி சொல்லியிருப்பேன், ஆனால் போன அந்த டிசைன் இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறது. கடையில் வயர் மவுஸ் கிடைக்கும், அதை வாங்கு.

ஏற்கெனவே ஆர்டர் போட்டுவிட்டாய் என்றால் சொல். ஞாயிற்றுக்கிழமை லேப்டாப்பை எடுத்துக்கொண்டு காரைக்குடிக்கு வா, அந்த வரியை எழுதித் தருகிறேன். டச்பேடை மட்டும் அணைத்து வைக்காதே.