கடையில் 55-இல் காட்டுவார்கள், நீங்கள் 250-இல் பாருங்கள்

செகண்ட் ஹேண்டில் டெலி ஜூம் (தூரத்தில் இருப்பதைக் கிட்ட இழுத்துக் காட்டும் கேமரா லென்ஸ்) தேடிக்கொண்டிருப்பவர்கள், அதிலும் கேனான் 55-250 (55 மி.மீ.-இல் அகலமாகவும் 250-இல் கிட்ட இழுத்தும் காட்டும்) தேடுபவர்கள், பணத்தை எடுத்து நீட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். சென்னையில் ஒரு கேமரா கடை 9,500 ரூபாய்க்கு என் தலையில் கட்டிய லென்ஸின் கதை இது. கடையின் பெயரைப் போடவில்லை. அந்தப் பெயரை மட்டும் தெரிந்துகொண்டு அடுத்த கடைக்குள் நுழைந்தால் அங்கேயும் இதே வித்தைதான் நடக்கும். வித்தையைத் தெரிந்துகொள்ளுங்கள்.

எனக்குப் பறவைப் படம் எடுக்க வேண்டும். பள்ளிக்கரணை, சீசனில் வேடந்தாங்கல், அவ்வளவுதான். கையில் இருப்பது கேனான் 1300டி கேமரா. பத்தாயிரத்துக்குள் என்றால் கடைக்காரர்கள் முதலில் எடுத்து வைப்பது 75-300 மூன்றாம் பதிப்பை. "300 சார், 250-ஐ விடக் கிட்ட வரும்" என்பார்கள். வரும்தான். ஆனால் 1999-இல் வந்த அந்த லென்ஸில் ஸ்டேபிலைசர் (கை நடுக்கத்தைச் சமாளிக்கும் அமைப்பு) கிடையாது. 300-இல் முழு அப்பர்ச்சரில் (லென்ஸின் துளையை முழுக்கத் திறந்தால்) படம் மசமசவென்று விழும், வெயிலில் நிற்கிற வெள்ளைக் கொக்கின் ஓரமெல்லாம் ஊதாக் கோடு ஓடும். என்னைக் கேட்டால் பாதி விலைக்குக் கொடுத்தாலும் வேண்டாம்.

55-250-இல் மூன்று பதிப்பு உண்டு. 2007-இல் முதலாவது, 2011-இல் இரண்டாவது, 2013-இல் எஸ்டிஎம் (அதன் ஃபோகஸ் மோட்டாரின் பெயர்). மூன்றிலும் ஸ்டேபிலைசர் இருக்கிறது என்றாலும் எஸ்டிஎம்தான் தேட வேண்டியது. ஃபோகஸ் சத்தமில்லாமல் வேகமாக விழும், 85 செ.மீ. வரை கிட்டப் போகலாம், ஃபோகஸ் செய்யும்போது முன்பக்கம் சுழலாது.

நிக்கான்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. பழைய ஏஎஃப் 70-300 ஜி லென்ஸுக்குள் ஃபோகஸ் மோட்டார் இல்லை. டி3000, டி5000 வரிசை பாடிகளுக்குள்ளும் (கேமராக்களுக்குள்ளும்) அது இல்லை, அவற்றில் மாட்டினால் கையால்தான் ஃபோகஸ் செய்ய வேண்டும். புது ஏஎஃப்-பி 70-300 டிஎக்ஸில் விஆர் (நிக்கானின் ஸ்டேபிலைசர்) உள்ளது, இல்லாதது என்று இரண்டு வகை, பார்க்க அண்ணன் தம்பி போலவே இருக்கும். லென்ஸ் மேல் விஆர் ஸ்விட்சும் கிடையாது, பெயரில் அந்த இரண்டு எழுத்து இருக்கிறதா என்றுதான் பார்க்க வேண்டும். டி90, டி3100 போன்ற பழைய பாடிகளில் ஏஎஃப்-பி ஃபோகஸே ஆகாது, கையால் திருப்பினாலும் ஆகாது. "எல்லா நிக்கானுக்கும் செட் ஆகும் ப்ரோ" என்று சொல்லும் கடைப் பையனிடம் உங்கள் பாடியை நீட்டி, மாட்டிக் காட்டச் சொல்லுங்கள்.

கதைக்கு வருகிறேன். விளம்பரத்தில் "மின்ட் கண்டிஷன், சிங்கிள் ஓனர்" என்று போட்டிருந்தார்கள். கடை நீளமான குகை மாதிரி ஒன்று. பையன் லென்ஸைக் கடையின் பாடியிலேயே மாட்டி, எதிர்ச் சுவரில் தொங்கிய காலண்டரை 55-இல் எடுத்து, கேமராத் திரையில் காட்டினான். மூன்று அங்குலத் திரையில் எந்தப் படம்தான் நன்றாக இருக்காது? 250-க்குப் போகச் சொன்னேன். காலண்டரின் நடுவில் இருந்த முருகர் முகம் பளிச்சென்று வந்தது. வெளியே போய்த் தூரத்தில் எதையாவது எடுத்துப் பார்க்கலாமா என்றதற்கு, "வெளிய விட மாட்டோம் ப்ரோ, ஓனர் திட்டுவாரு." என் மெமரி கார்டைப் போடலாமா? "வைரஸ் வந்துடும் ப்ரோ." செல்போன் டார்ச்சைப் பின்னாலிருந்து அடித்து உள்ளே பார்த்தேன். ஃபங்கஸ் (பூஞ்சை) நூல் ஒன்றுகூட இல்லை, பளிங்கு போலச் சுத்தம். முன்னால் ஒரு யூவி ஃபில்டர் (காப்புக் கண்ணாடி) இறுக்கி மாட்டியிருந்தது. கழற்றச் சொன்னால், "ஜாம் ஆகியிருக்கு, ஃப்ரீயா தர்றோம், வச்சுக்குங்க." பதினைந்து நாள் செக்கிங் வாரண்டி என்று வாய்வார்த்தை. பில்லில் மட்டும் "விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது" என்று ஒரு முத்திரை.

மறுநாள் காலை மொட்டை மாடி. எதிர் அபார்ட்மென்ட்டின் தண்ணீர்த் தொட்டியில் கம்பெனிப் பெயர் பெரிய எழுத்தில் இருக்கிறது. கேமராவை ட்ரைபாடில் வைத்து, ஸ்டேபிலைசரை அணைத்து, 250, எஃப் 5.6 (துளை முழுக்கத் திறந்த நிலை), இரண்டு நொடி டைமர். அந்த எழுத்துகளை ஃபிரேமின் நான்கு மூலைகளுக்கும் கொண்டுபோய், ஒவ்வொரு மூலையிலும் லைவ் வியூவில் (பின்திரையில் பார்த்து) தனித்தனியாக ஃபோகஸ் செய்து எடுத்தேன். கம்ப்யூட்டரில் நூறு சதவீதத்துக்குப் பெரிதாக்கிப் பார்த்தால் இடப்பக்க மூலை இரண்டிலும் பெயின்ட் உரிந்த இடம்கூடத் தெரிகிறது. வலப்பக்கம் இரண்டிலும் அதே எழுத்தின் மேல் யாரோ எண்ணெய்க் கையால் தடவிவிட்ட மாதிரி. துளையைச் சுருக்கி எஃப் 8-இல் எடுத்தால் கொஞ்சம் தேறியது, சரியாகவில்லை. எஃப் 11-இலும் வித்தியாசம் கண்ணுக்குத் தெரிந்தது. இதைத்தான் டீசென்டரிங் என்பார்கள். உள்ளே ஏதோ ஒரு கண்ணாடி சாய்ந்தோ விலகியோ உட்கார்ந்திருக்கிறது.

யூவி ஃபில்டரை ரப்பர் பேண்ட் சுற்றித் திருகினேன், உடனே கழன்றுவிட்டது. ஜாமாவது ஒன்றாவது. ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் முன் கண்ணாடி முழுக்கப் பச்சையும் ஊதாவுமாகப் பிரதிபலிப்பு, ஓரத்தில் கட்டைவிரல் அகலத்துக்கு மட்டும் வெறும் வெள்ளை. அந்த இடத்தில் கோட்டிங்கே (பிரதிபலிப்பைக் குறைக்கும் பூச்சு) இல்லை. மவுண்ட் (கேமராவில் மாட்டும் முனை) பக்கத்துத் திருகுகளில் இரண்டின் தலை மழுங்கியிருந்தது. தெரிந்த மெக்கானிக் அண்ணனிடம் காட்டினேன். கையில் வாங்கியதும் சொல்லிவிட்டார்: "இது ஃபங்கஸ் வந்து, பிரிச்சு கழுவின பீஸு தம்பி. திரும்பப் பூட்டத் தெரியாம பூட்டியிருக்கான்." சென்னைக் காற்றின் ஈரத்தில் பீரோவுக்குள் கிடக்கிற லென்ஸுக்கெல்லாம் இந்த கதிதான். ஃபங்கஸ் கோட்டிங்கையே தின்றுவிடும், அப்புறம் எவ்வளவு கழுவினாலும் அந்தத் தடம் போகாது. ஆக, டார்ச் அடித்து உள்ளே சுத்தமாக இருந்தால் லென்ஸ் நல்லது என்று அர்த்தமில்லை. யாரோ சமீபத்தில் பிரித்திருக்கிறார்கள் என்றும் இருக்கலாம்.

லென்ஸோடு கடைக்குத் திரும்பினேன். ஓனரே இருந்தார்.

"உங்க பாடில ஃபோகஸ் அவுட் சார்."

அதற்குத்தான் லைவ் வியூவில் எடுத்தேன். அதில் சென்சாரை வைத்தே ஃபோகஸ் நடப்பதால், வியூஃபைண்டர் வழியாகப் பார்க்கும்போது வருகிற முன்பின் தவறு இங்கே வராது. அதைச் சொன்னதும் அடுத்த பதில் வந்தது.

"டெலி லென்ஸுன்னா கார்னர் சாஃப்டாதான் சார் இருக்கும். நீங்க இருபதாயிரம் ரூபாய் லென்ஸை எதிர்பார்த்தா எப்படி?"

விலை மலிவான ஜூமில் மூலைகள் சாஃப்டாக இருக்கும், ஒப்புக்கொள்கிறேன். நான்கும் ஏறக்குறைய ஒரே அளவுக்கு சாஃப்டாக இருந்தால் அது அந்த லென்ஸின் தரம். ஒரு பக்கம் கத்தி மாதிரியும் இன்னொரு பக்கம் களி மாதிரியும் இருந்தால் அது அடிபட்ட பீஸ். இதையும் சொன்னேன். அவர் பில்லில் இருந்த முத்திரையை விரலால் தட்டிக் காட்டிவிட்டு அடுத்த கஸ்டமரிடம் திரும்பிவிட்டார்.

அந்த முத்திரையைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி, குறையுள்ள பொருளைத் திரும்ப எடுத்துப் பணம் தர மறுப்பதே முறையற்ற வணிக நடைமுறை. பில்லில் கால அளவு எதுவும் இல்லையென்றால் 30 நாளுக்குள் தர வேண்டும். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்தேன். பில், நான்கு மூலைப் படங்கள், விளம்பரத்தின் ஸ்க்ரீன்ஷாட், எல்லாம் கொடுத்தேன். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கே போவதென்றாலும், பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரைக்கும் இருந்தால் புகாருக்குக் கட்டணம் இல்லை. ஆனால் இதெல்லாம் கடையில் பில்லோடு வாங்கினால்தான். முகம் தெரியாத தனி நபரிடம் ரயில்வே ஸ்டேஷன் வாசலில் வாங்கினால் இந்தச் சட்டத்தை நம்பி இறங்காதீர்கள்.

புகார் போன பிறகு கடையிலிருந்து அவர்களே போன் செய்தார்கள். 8,000 திரும்பி வந்தது. 1,500 "செக்கிங் சார்ஜ்" என்று பிடித்துக்கொண்டார்கள். மீதிக்காக அலையாமல் விட்டுவிட்டேன்.

நீங்கள் போகும்போது உங்கள் பாடியும் உங்கள் கார்டும் கையில் இருக்கட்டும். வெளியே எடுத்துப் பார்க்க விடாத கடையில் டெலி வாங்காதீர்கள், என்ன விலை சொன்னாலும் சரி. இருபது முப்பது மீட்டர் தூரத்தில் எழுத்துள்ள போர்டு ஒன்று போதும். காலையிலேயே போய்விடுங்கள், மதியத்தில் தார் ரோட்டுச் சூட்டில் காற்றே அலையடிக்கும், நல்ல லென்ஸும் கெட்ட பேர் வாங்கும். கையில் பிடித்து எடுத்தால் ஷட்டர் 1/400 நொடியை விட மெதுவாக வேண்டாம். ஃபில்டரைக் கழற்றிவிட்டு முன் கண்ணாடியைச் சாய்த்துப் பாருங்கள், திருகுத் தலைகளைப் பாருங்கள். குலுக்கினால் லேசாகக் கடகடவென்றால் பதற வேண்டாம், ஸ்டேபிலைசர் உள்ள சில லென்ஸ்கள் அப்படித்தான்.

நேற்று அந்தக் கடையின் விளம்பரத்தில் மறுபடி ஒரு 55-250 எஸ்டிஎம் வந்திருக்கிறது. மவுண்ட் பக்கத்துப் படத்தைப் பெரிதாக்கினால் அதே இரண்டு மழுங்கிய திருகு. "மின்ட் கண்டிஷன், யூவி ஃபில்டர் ஃப்ரீ." விலை 9,900.