பாட்டெழுதுபவருக்கு லித்தியம்: எடுப்பதா, விடுவதா?

இருமுனை மனநோய் (மனம் உச்சத்துக்கும் சோர்வுக்கும் மாறி மாறிப் போகும் நோய்) உள்ள பாடலாசிரியருக்கு வரும் பயம் இது: மனநிலையைச் சீராக வைக்கும் லித்தியம் மாத்திரை போட்டால் பாட்டு நின்றுவிடுமா? நியாயமான பயம்தான்.

வேகம்
மருந்தில்லாமல்: உச்ச மனநிலையில் வரிகள் கொட்டும், தூக்கமே வேண்டாம்.
லித்தியத்தோடு: கொட்டுவது குறையும். சிலருக்கு மந்தமாகவும் இருக்கும்.

முடிப்பது
மருந்தில்லாமல்: பாதிப் பாட்டுகள் குவியும். அப்புறம் வரும் மனச்சோர்வில் கிட்டாரைத் தொடவே மனம் வராது.
லித்தியத்தோடு: உட்கார்ந்து திருத்த முடியும். டென்மார்க் மனநல மருத்துவர் மோகென்ஸ் ஸ்கௌ (Mogens Schou) 1979-இல் வெளியிட்ட ஆய்வில், லித்தியம் எடுத்த 24 கலைஞர்களில் 12 பேருக்குப் படைப்பு கூடியது, 6 பேருக்கு மாறவில்லை, 6 பேருக்குக் குறைந்தது. அந்தக் கடைசி ஆறு பேரையும் மறைக்கக் கூடாது.

உடல்
லித்தியத்தோடு: விரல் நடுங்கலாம். தந்திகளைத் தனித்தனியாக மீட்டுபவருக்குப் பெரிய தொல்லை. ரத்தப் பரிசோதனையும் தவறாமல் வேண்டும்.
மருந்தில்லாமல்: தற்கொலை அபாயம் கூடும். இதற்கு ஈடாக எந்தப் பாட்டையும் நான் வைக்க மாட்டேன்.

உச்சமும் சோர்வும் திரும்பத் திரும்ப வருபவருக்கு மருந்துதான் சரி. மந்தமோ நடுக்கமோ படுத்தினால் அளவை மாற்றச் சொல்லி மருத்துவரிடம் கேளுங்கள். திடீரென நிறுத்தினால் நோய் சீக்கிரம் திரும்பக்கூடும். நோயில்லாமல் வெறும் சோகத்தில் எழுதுபவருக்கு லித்தியம் தேவையே இல்லை.