12 வயது மணமகளும் 14 வயது மணமகனும்

இடைக்கால ஐரோப்பியப் பிரபுக் குடும்பங்கள் மணமக்களின் வயதைவிட வாரிசுரிமையையே பெரிதாகக் கருதின. இங்கிலாந்து மன்னரின் மகளும் புனித ரோமானியப் பேரரசர் ஐந்தாம் ஹென்றியின் கைம்பெண்ணுமான மட்டில்டா, 1128-இல் தமது 26-ஆம் வயதில், பிரான்சின் ஆஞ்சு பகுதிக் கோமகனின் மகனும் 14 வயதே ஆனவனுமான ஜெஃப்ரியை மணந்தார். விரைவிலேயே பிரிந்தார்கள், 1131-இல் மீண்டும் சேர்ந்தார்கள், 1133-இல் மகன் பிறந்தான்.

1455-இல் தம்மைவிட இருமடங்கு வயதான எட்மண்ட் டியூடரை மணந்த இங்கிலாந்துப் பிரபுக் குலத்து மார்கரெட் போஃபோர்ட்டுக்கோ 12 வயதுதான். அந்த வயதில் மணமுடிக்கத் திருச்சபை இசைந்தது. ஆயினும் பெண்ணின் உடல் முதிரும்வரை காத்திருப்பதே வழக்கமாக இருக்க, எட்மண்ட் காத்திருக்கவில்லை. கணவர் இறந்து மூன்று மாதம்கூட முடியாத நிலையில், 1457 ஜனவரிக் குளிரில், பெம்புரோக் கோட்டையில் 13 வயதுச் சிறுமியாக அவர், பின்னாளில் இங்கிலாந்து மன்னரான ஏழாம் ஹென்றியைப் பெற்றெடுத்தார்; அதன்பின் மணந்தும் வேறு குழந்தை பிறக்கவில்லை. மட்டில்டாவின் கசப்பு காலத்தால் ஆறக்கூடியது. மார்கரெட்டுக்கு நேர்ந்ததை நான் கொடுமை என்றே சொல்வேன். தம் பேத்தியை இளவயதிலேயே ஸ்காட்லாந்து மன்னரிடம் அனுப்பக் கூடாதென்று பின்னாளில் எதிர்த்தவர்களில் அவரும் ஒருவர்.